ஊரும் தூசி

பஜனை முடிந்து ஆரத்தி காட்டியாகிவிட்டது. ஷாமியானாவுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, சுண்டல் அண்டாவின் அடியில் பிடித்திருந்ததை வடிவு தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பட்டாபி மைக்கைக் கையில் எடுத்தார்.

பட்டாபி மத்திய அரசின் மந்திரி இலாகா ஒன்றில் அண்டர் செக்ரட்டரி. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலைக்கு அவர்தான் தலைவர். மைக் கைக்கு வந்தால் சுலபத்தில் விடமாட்டார் என்பதால் ஜனங்கள் அப்போதே செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

“போறதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம்,” என்றார். “நம்ம பண்டகசாலையில பருப்பு புடைக்கற பொம்மனாட்டிகளுக்கெல்லாம் சொறி கண்டிருக்கு. தொத்து வியாதி. ஆத்துல குழந்தைகள் இருக்கறவா ஜாக்கிரதையா இருந்துக்கோங்கோ. குணமாகற வரைக்கும் அவாளை அடுக்களைக்குள்ள விடாம இருக்கறது உத்தமம்.”

தேடிய செருப்பை மறந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவுக்கு முழங்கைவரை சிவந்து தடித்திருந்த தன் கைகளை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. அண்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பிறகு அதை அலம்பிக் கவிழ்த்துவிட்டு எழுந்து நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அவள் கவிழ்த்த அண்டாவை வேறொருத்தி எடுத்துப்போய்க் குழாயடியில் மறுபடி தேய்ப்பது தெரிந்தது.

மறுநாள் காலையில் வடிவு பாத்திரம் தேய்த்த நாலு வீட்டுக் கதவும் அவளுக்குச் சாத்திக்கொண்டன. முதல் வீடு பட்டாபியுடையதுதான். அவர் மனைவி ராஜம் வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “கொஞ்ச நாளைக்கு நானே பாத்துக்கறேன் வடிவு,” என்றாள், தரையைப் பார்த்தபடி. அடுத்த வீட்டில் வேலைக்காரிக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, நீயே எடுத்துக்கொண்டு போய்விடு என்றார்கள். மற்ற இரண்டில் மணியடித்தும் யாரும் வரவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பண்டகசாலையிலும் குணமாகும்வரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பண்டகசாலை என்று பெயர்தான் பெரிது. ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு கோடவுன், அவ்வளவுதான். ஆனால் அங்கே விற்ற உளுத்தம்பருப்புக்காகக் கோல் மார்க்கெட்டிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். பொங்கப் பொங்க அரைபடும் உளுந்து டெல்லியில் வேறெங்கும் கிடையாது என்று ஒரு நம்பிக்கை. அந்த வருஷம் தீபாவளிக்கென்று கோடையிலேயே உளுந்தும் துவரையும் கோதுமையுமாக மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்தார் பட்டாபி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அது எழுபத்தெட்டாம் வருஷம். யமுனை பெருகி ஊரின் வடக்குப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த மழைக்காலம். லக்ஷ்மிபாய் நகருக்கு ஆறு வரவில்லை, ஓதம் வந்தது. தீக்குச்சி பற்றவில்லை. உப்பு ஜாடியில் நீர் கோத்தது. கோடவுனில் மூட்டைகள் வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தன. ஆவணி பிறந்ததிலிருந்தே அங்கே புளித்த தேன் மாதிரி ஒரு வாடை. மூட்டையைப் பிரித்தால் பருப்பின் மேல் பழுப்பாக ஒரு பொடி படிந்திருக்கும். புடைத்தால் மேகமாகக் கிளம்பும். வடிவும் முத்தம்மாவும் இன்னும் நாலு பெண்களும் அந்த மேகத்துக்குள் உட்கார்ந்துதான் வீட்டு வேலை போக மீதி நாள் முழுக்கப் புடைத்தார்கள், சலித்தார்கள், கல் பொறுக்கினார்கள். முதலில் முத்தம்மாவின் கழுத்து தடித்தது. அப்புறம் எல்லோருக்கும் கை.

கதவுகள் சாத்திக்கொண்ட அன்று சாயங்காலம், சரோஜினி நகர் ரயில் பாதையோரத்து ஜுக்கிக் குடிசைகளில் அந்த ஆறு பெண்களும் கூடிப் பேசினார்கள். எல்லோரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள்.

“விடுடி. சித்தாள் வேலைக்குப் போனா யாரு கையைப் பாக்கப் போறாங்க?” என்றாள் முத்தம்மா. “சிமிட்டிக்குச் சொறி தொத்தாது.”

வடிவின் புருஷன் காத்தவராயனும் அதையேதான் சொன்னான். அவன் கட்டட வேலை செய்பவன். மேஸ்திரியிடம் சொல்லி இடம் பிடித்துத் தருவதாகச் சொன்னான்.

“வேலைக்குப் பஞ்சமில்ல, அது எனக்குத் தெரியும்,” என்றாள் வடிவு. “சொறிக்காரின்னு மைக்ல சொல்லிட்டு அனுப்பியிருக்காங்க. அந்தப் பேரோட நான் எங்கியும் போமாட்டேன்.”

காத்தவராயன் அவளோடு குடித்தனம் நடத்திப் பழகியவன். மேஸ்திரி பேச்சை அத்தோடு விட்டுவிட்டான்.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் கைகள் ஆறத் தொடங்கின. அரிப்பு நின்று தோல் உரிந்தது. எந்தக் களிம்பும் போடவில்லை, போட எதுவும் இல்லை. ஒரு காலை, கோடவுனில் விட்டுவந்த தன் முறம் நினைவு வந்து போய் எடுத்து வந்தாள். நல்ல மூங்கில் முறம், ஊரிலிருந்து கொண்டுவந்தது. அன்று சாயங்காலமே விரல் முனையிலிருந்து முழங்கைவரை மறுபடி நெருப்பாக அரித்தது.

வடிவுக்கு உடனே ஒரு சந்தேகம் விழுந்தது. எலிக்கோ வண்டுக்கோ பட்டாபி ஐயா மூட்டைகளில் ஏதோ விஷ மருந்தைத் தூவியிருக்கிறார். அது தங்கள் கையைச் சுட்டுவிட்டது. அதை மறைக்கத்தான் சொறி என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். முறத்தில் ஒட்டியிருந்த பொடியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தட்டி எடுத்துக்கொண்டு, பட்டாபி குடியிருந்த அதே பிளாக்கின் மேல்மாடிக்குப் படியேறினாள்.

அங்கே ஜலஜா இருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், வேளாண்மை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தெருப் பிள்ளைகள் அவளைப் பூச்சி தீதி, பூச்சி அக்கா, என்று கூப்பிடும். அவள் வேலை பார்த்ததோ பூச்சியைவிடவும் சின்னதான ஒன்றில். அதனால் ஆபீசில் மற்றவர்கள் அவளுடைய மேஜையை எட்டிப் பார்ப்பதுகூடக் கிடையாது.

“தீதி, இது என்னா மருந்துன்னு பாத்துச் சொல்லுங்க,” என்று பாட்டிலை நீட்டினாள் வடிவு. “எங்க கையைச் சுட்டுப்புட்டாங்க. நான் சும்மா விடப்போறதில்ல.”

ஜலஜா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவள் புருவம் உயர்ந்தது.

“நாளைக்கு என்கூட லேபுக்கு வர்றியா?” என்றாள்.

மறுநாள் வடிவு தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜலஜா பக்கத்தில் உட்காரச் சொல்லியும் முதலில் நின்றுகொண்டே வந்தாள். கை மேலே பட்டுவிடுமோ என்று பயம். ஜலஜா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

லேபில் ஜலஜா ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நகர்த்தினாள். தானே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “அச்சா,” என்று மெதுவாகச் சொல்லி ஒதுங்கி நின்றாள்.

வடிவுக்கு முதலில் தன் கண்ணிமைதான் தெரிந்தது. ஜலஜா அவள் தலையைப் பிடித்துச் சற்றே தூக்கினாள். அப்போது பளிச்சென்று ஒரு வட்டம். அதற்குள் முத்து மாதிரி வெளுத்த உருண்டைகள். பிறகு அந்த உருண்டைகளுக்குக் கால் இருப்பது தெரிந்தது. குட்டைக் குட்டையான கால்கள், முதுகில் நீள நீள மயிர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சறுக்கி, இடித்துக்கொண்டு, சந்தை நாள் கூட்டம்போல அலைந்தன.

“இது மருந்து இல்ல, வடிவு. ஜிந்தா ஹை. உயிரோட இருக்கு,” என்றாள் ஜலஜா. “தமிழ்ல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“மாட்டுல இருக்குமே உண்ணி, அந்த மாதிரி இருக்குது.”

“ஹாங், உண்ணியோட ஜாதிதான். ஆனா இது ரத்தம் குடிக்காது, மாவுதான் தின்னும். தானியத்துல முளை வர்ற இடத்தைத்தான் முதல்ல தின்னும். ஈரம் இருந்தா பெருகிட்டே போகும். அந்தப் பழுப்புத் தூசி பூரா இதுதான். உயிரோட இருக்கறது, செத்தது, சட்டை கழட்டிப் போட்டது, எல்லாம்.”

“அப்ப சொறி?”

ஜலஜா அவள் கைகளைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தாள். “சொறி வர்றதும் ஒரு உண்ணியாலதான். இதுக்கு தூரத்து சொந்தம். அது தோலுக்குள்ள பூந்து குடியிருக்கும், விரல் இடுக்குலதான் முதல்ல வரும். வீட்டுல ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வரும். உன் வீட்டுல யாருக்காவது இருக்கா?”

“இல்லீங்க தீதி. ஒரே பாயிலதான் படுக்கறோம். அவருக்கும் இல்ல, புள்ளைக்கும் இல்ல.”

“இது தோல்ல தங்காது. தூசி படற இடத்துல எல்லாம் அரிக்கும், விலகிட்டா ஆறிடும். உனக்கு எந்த வியாதியும் கிடையாது.”

வடிவு மறுபடி குனிந்து அந்த வட்டத்துக்குள் பார்த்தாள். தான் நினைத்தது தப்பு, பட்டாபி மருந்து தூவவில்லை. அது ஒரு பக்கம் உறைத்தது. ஆனால் அதையும் மீறி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்துக்காகவா தன் தம்ளரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் முதல்முறையாக ஜலஜாவின் மேஜையை எட்டிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே இருவரும் பட்டாபி வீட்டு மணியை அடித்தார்கள். ஜலஜாவைப் பட்டாபி உள்ளே கூப்பிட்டார். வடிவைப் பார்த்து, “நீ அங்கேயே நில்லு,” என்றார். அவள் நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

ஜலஜா விஷயத்தைச் சொன்னாள். ராஜத்திடம் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, பாட்டிலில் இருந்த தூசியைக் கொட்டி, காகிதத்தால் நாலு பக்கமும் ஒதுக்கி, கோபுரம் மாதிரி கூராகக் குவித்து மேஜைமேல் வைத்தாள். “இதுல உயிர் இல்லேன்னா இது இப்படியே நிக்கணும் அங்கிள். இருந்தா நிக்காது.”

பட்டாபி தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். தீபாவளி நெருங்குகிறது, இப்போது போய்ச் சரக்கில் பூச்சி என்று வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள், கமிட்டியில் இருக்கிற கோல் மார்க்கெட் அங்கத்தினர்கள் ஏற்கெனவே தலைவர் பதவிக்குக் காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. வேலை முடிந்து வந்து ராத்திரியெல்லாம் பண்டகசாலைக்காக உழைத்தவர்தான். அந்த உழைப்பு பாழாகிறது என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

“யாராவது மில்காரனுக்கு மொத்தமா தள்ளிடலாம். அவன் அரைச்சுப்பான், ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் கடைசியில்.

“அதை யாரோ சாப்பிடத்தானே போறா?” என்றாள் ராஜம்.

“நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது.”

ராஜம் தட்டைக் காட்டினாள். கூர் காணாமல் போயிருந்தது. கோபுரத்தின் உச்சி மழுங்கி, ஒரு பக்கம் சரிந்து, சரிவில் மெல்லிய கோடுகளாகத் தூசி தானாகவே கீழே வழிந்துகொண்டிருந்தது. காற்றாடி ஓடவில்லை. யாரும் மேஜையைத் தொடவில்லை. பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க இன்னொரு பக்கமும் சரிந்தது.

“இருக்கட்டும். தூசியில பூச்சி இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக இவாளுக்குச் சொறி இல்லேன்னு ஆயிடுமா?”

ராஜம் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்தாள். இரண்டு கைகளிலும் முழங்கைவரை அதே சிவப்பு, அதே தடிப்பு. கழுத்திலும் இருந்தது.

“வடிவை நிறுத்தினதுலேர்ந்து பண்டகசாலைலேர்ந்து வந்த நம்மாத்துக் கோதுமையை நான்தான் புடைக்கறேன்,” என்றாள். “ராத்திரியெல்லாம் தூக்கமில்லே. உங்ககிட்ட சொல்ல பயம். என்னையும் மைக்ல சொல்லப்போறேளா?”

பட்டாபி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பிறகு ஜலஜாவைப் பார்த்து, “இப்ப என்ன பண்ணணும்?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“காயணும். நல்லா காஞ்சிடுச்சுன்னா இதால உயிரோட இருக்க முடியாது. மழை போயிடுச்சு, இனிமே டெல்லி வெயில்தான். சலிச்சு, வெயில்ல போட்டு, மறுபடி சலிக்கணும். ரொம்பக் கெட்டுப்போனதை மட்டும் புதைச்சிடணும். மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது.”

“அத்தனை மூட்டையையும் எங்க போட்டுக் காயவெக்கறது?”

“மொட்டை மாடி எதுக்கு இருக்குதுங்க?” நிலைப்படிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. “இத்தனை பிளாக் இருக்குது, அத்தனைக்கும் மாடி இருக்குது. நாங்க ஆறு பேரும் வர்றோம். உண்ணின்னு தெரிஞ்சுபோச்சு, கையில துணி கட்டிக்கிட்டுப் புடைக்கறோம்.”

“வா வடிவு, உள்ள வா,” என்றார் பட்டாபி.

வடிவு வரவில்லை. “வர்றேனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது. எங்களுக்குச் சொறின்னு மைக்ல சொன்னீங்க. அதை மைக்லயே எடுத்துடுங்க.”

“எல்லாராத்துக்கும் நானே போய்ச் சொல்லிடறேனே. அது போறாதா?”

“போதாதுங்க. மைக்ல சொன்னது ஜுக்கி வரைக்கும் கேட்டுச்சு.”

பட்டாபி ராஜத்தைப் பார்த்தார். ராஜம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. மழை கழுவிவிட்ட நீலம். பிளாக்குகளுக்கு நடுவே இருந்த புல்வெளியில் ஒரு மேஜை, அதன்மேல் மைக். என்ன விசேஷம் என்று தெரியாமலே ஜனங்கள் பால்கனிகளில் வந்து நின்றார்கள். கோடவுன் வாசலில் ஆறு பெண்களும் முறத்தோடும் சல்லடையோடும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் ஒரு மூட்டையைத் தொடவில்லை.

“சொல்லுவாராடி?” என்றாள் முத்தம்மா.

“சொல்லாட்டி போய்ட்டே இருப்போம்.”

பட்டாபி வெள்ளை வேட்டி கட்டி வந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். வழக்கமாக அவர் முன்னுரை ஒன்று சொல்வார், அன்று சொல்லவில்லை.

“பண்டகசாலையில வேலை செய்யற பொம்மனாட்டிகளுக்குச் சொறின்னு நான் இதே மைக்ல சொன்னேன். அது தப்பு. அவாளுக்கு எந்த வியாதியும் கிடையாது. வியாதி நம்ம சரக்குக்கு. மூட்டையைத் தரையில போட்டு, சுவத்துல சாய்ச்சு, மழைக்காலம் பூரா திறந்துகூடப் பாக்காம இருந்தது நான். அதுல உண்ணி வெச்சுடுத்து. அந்த உண்ணித் தூசி பட்டு அவா கை புண்ணாச்சு. இப்ப எங்காத்துலயும் ஆகியிருக்கு.” ஒரு கணம் நிறுத்தினார். “நான் அவாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். தீபாவளிக்கு நம்ம எல்லாராத்துக்கும் பருப்பு வேணும்னா, இன்னிக்கு அதை மாடிக்கு ஏத்தணும். தெம்பு இருக்கறவா கீழே வாங்கோ.”

மன்னிப்பு என்ற வார்த்தையை வடிவு எதிர்பார்க்கவில்லை. அது ஒலிபெருக்கியிலிருந்து பிளாக்கின் சுவர்களில் பட்டுத் திரும்பி, ரயில் பாதைப் பக்கமாகப் போயிற்று. எழுந்து நின்றாள். முழங்கைக்குக் கீழே பழந்துணியை இறுகச் சுற்றி, மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டினாள்.

“கிளம்புங்கடி,” என்றாள்.

அப்புறம் நடந்ததை லக்ஷ்மிபாய் நகர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தது. காத்தவராயன் தன் கட்டட ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். அவர்கள் முதுகில் மூட்டை ஏறிய வேகத்தைப் பார்த்துவிட்டு, செக்ஷன் ஆபீசர்களும் ஸ்டெனோக்களும் பைஜாமாவை மடித்துக் கட்டி இறங்கினார்கள். மூட்டைக்கு இரண்டு பேராகப் பிடித்துப் படியேற்றினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஜமக்காளமும் பழைய புடவையும் பெட்ஷீட்டும் மாடிக்குப் போயின. பக்கத்து பிளாக் பஞ்சாபி அம்மாள் ஒருத்தி, என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் மகன் கல்யாணத்துக்கு விரித்த பெரிய தரி விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். “பிச்சாவ், பேட்டி, பிச்சாவ்,” என்று வடிவின் கையில் கொடுத்தாள், விரித்துக்கொள் மகளே என்று.

மாடிகளில் ராஜ்யம் பெண்களுடையது. எந்த மூட்டை எந்த மாடிக்கு, எவ்வளவு கனத்தில் பரப்புவது, எப்போது கிளறுவது, எல்லாம் முத்தம்மாவும் வடிவும் சொன்னபடிதான். ஜலஜா மாடி மாடியாக லென்ஸோடு ஓடினாள். மூட்டைக்கு மூட்டை ஒரு பிடி அள்ளி, தேறும், தேறாது என்று சொன்னாள். சுவரோரம் கிடந்த உளுந்து மூட்டைகளில் பல தேறவில்லை. அவற்றைப் பிரித்தபோது அடித்த நெடியில் தூக்கிவந்தவர்களே பின்வாங்கினார்கள். அவற்றுக்குக் காத்தவராயன் பின்பக்கத்து மைதானத்தில் ஆழமாகக் குழி வெட்டினான். பட்டாபி குழியருகே நின்று ஒவ்வொன்றும் உள்ளே போவதைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. கடைசியில் அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல், மாடியிலிருந்து பார்த்தால் கண் கூசியது. இந்தப் பக்கம் துவரை மஞ்சள், அந்தப் பக்கம் உளுந்து வெள்ளை, அதற்கப்பால் கோதுமை. பிளாக்குக்குப் பிளாக் சொந்த நிறம். புறாக்கள் கூட்டமாக வந்தன. அவற்றை ஓட்டக் கிழவர்கள் குடையோடு காவல் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் மேற்கே ஒரு கருப்பு எழுந்தது. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு காற்று திசை மாறி ஜமக்காளங்களின் ஓரங்கள் படபடத்தன.

வடிவு மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பரப்பியதை எல்லாம் ஒருமுறை நனைத்தால் போதும், இத்தனை பேர் உழைப்பும் கஞ்சிதான். கீழே புல்வெளியில் மைக் இன்னும் மேஜைமேல் இருந்தது. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி அதைப் பிடித்தாள். அவள் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை.

“எல்லாரும் மேல வாங்க. மழை வருது. பருப்பு நனைஞ்சா போச்சு. ஜல்தி, ஜல்தி. சப் லோக் ஊப்பர் ஆவோ.”

தன் குரலே வானத்திலிருந்து வருவதுபோல் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் கதவுகள் திறந்தன. சாப்பாட்டுக் கையோடு வந்தவர்கள் உண்டு. காலையில் மாடியேறாத ஆபீசர்கள்கூட வந்தார்கள். அந்த நாலு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். வடிவு திரும்ப மேலே ஏறுவதற்குள் ஜமக்காளங்களின் நாலு மூலையும் நாலு கைகளில் இருந்தன. சாதி, பிளாக், பாஷை எதுவும் பார்க்காமல் ஆளாளுக்கு முறத்தால், தட்டால், வெறுங்கையால் அள்ளினார்கள். தம்ளரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த மாமி, வடிவோடு சேர்ந்து ஒரே புடவையின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். இருவர் விரல்களும் ஒரே முடிச்சில் பட்டன. மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பெரிய பெரிய துளிகளாக நாலு விழுந்தன. அவசரத்தில் யாரோ கொண்டுவந்து போர்த்திய தார்ப்பாயின்மேல் அவை விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அத்தோடு சரி. கருப்பு வடக்கே நகர்ந்துபோய்விட்டது. வெயில் மறுபடி வந்து, ஈரம் பட்ட தளத்திலிருந்து ஆவி கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். மாடிக்கு மாடி அது பரவியது.

“பொய் மழைக்கு இத்தனை ஓட்டமா,” என்றாள் முத்தம்மா, மூட்டைமேல் மல்லாந்து கிடந்தபடி. “உன் மைக்கால வந்த வினைடி.”

மறுபடி விரித்தார்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வெயில் கொளுத்தியது. காய்ந்ததைச் சலித்து, சலித்த தூசியை எரித்தார்கள். கோடவுனில் காத்தவராயன் செங்கல் அடுக்கிப் பலகை போட்டான். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து வர வழி விட்டான். சுவரின் மேல்பக்கம் இடித்து ஜன்னல் வைத்தான். ஜலஜா கடைசியாக ஒரு தடவை ஒவ்வொரு மூட்டையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அந்த வருஷம் ஆபீசில் அவள் மேஜைக்கு ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள் என்று பிற்பாடு வடிவு கேள்விப்பட்டாள்.

இனிமேல் கோடவுன் சாவி யாரிடம் இருப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, பட்டாபி யோசிக்காமல் வடிவின் பெயரைச் சொன்னார். மூட்டை வந்து இறங்கும்போது அவள் கையை விட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும், இல்லையென்றால் வந்த லாரியிலேயே திரும்பும். கோல் மார்க்கெட் அங்கத்தினர்கள் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நாலு வீட்டிலிருந்தும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வடிவு ராஜம் வீட்டுக்கு மட்டும், அதுவும் காலையில் கொஞ்ச நேரம், வருவதாகச் சொன்னாள். மற்றவர்களுக்கு நேரமில்லை என்று சொல்லி அனுப்பினாள். நிஜமாகவே நேரமில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் பண்டகசாலை வாசலில் வரிசை தெருமுனைவரை நின்றது. உளுந்து மதியத்துக்குள் தீர்ந்தது. துவரை சாயங்காலம் தீர்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு சர்தார்ஜி வந்து இறங்கினார். மதராஸி கடையில் கிடைக்கிற பருப்புதான் டெல்லியிலேயே சுத்தம் என்று அவர் வீட்டில் யாரோ சொன்னார்களாம்.

தராசுக்குப் பின்னால் நின்ற வடிவு காலி மூட்டையை உதறிக் காட்டினாள். அதிலிருந்து ஒரு பொட்டுத் தூசி கிளம்பவில்லை.

“கதம் ஹோ கயா, பாய்சாப்,” என்றாள். “சப் பிக் கயா.” எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, புதுச் சரக்கு வந்ததும் வரலாம் என்று சொன்னாள்.

சர்தார்ஜி ஏமாற்றத்தோடு ஸ்கூட்டரை உதைத்தார். வடிவு ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த உளுந்துப் பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். முத்தம்மா தெருவில் நின்று, “வர்றியா, இல்ல இங்கியே குடியிருக்கப் போறியா,” என்று கத்தினாள். பிளாக்குகளுக்கு நடுவே பிள்ளைகள் கொளுத்திய புஸ்வாணம் ஒன்று வெளிச்சமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ரயில் பாதைப் பக்கம் நடந்தார்கள்.